மைனஸ் நாற்பதை நம்பிய குளிர்காலம்

ஜனவரி 5, சனி

பஸ் இன்று நொண்டியது.

ஊரைத் தாண்டி அரை மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. தானியக் கிடங்குக்கு அப்பால் வரும் மேட்டில் திடீரென்று இழுவை போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் ஐம்பதுக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனான். சஸ்கட்டூன் சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். டயாலிசிஸ் நாற்காலி ரயில் சீட்டு மாதிரி. நேரத்துக்குப் போகாவிட்டால் நமக்குக் கொடுத்த நேரத்தில்தான் வெட்டு விழும். என் வீட்டுக்காரன் நெஸ்டர், ஊர்க்காரர்கள் அட்லின், கிளிஃபோர்ட் மூன்று பேருக்குமே இன்று ரத்தம் அரைகுறையாகத்தான் சுத்தமானது.

 

டப்னோ ஊர் பஸ்ஸுக்கு ஓட்டுநரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். வேறு யாரைத் திட்டுவது?

ஜனவரி 6, ஞாயிறு

எங்கள் பழைய காலண்டர்படி இன்றுதான் கிறிஸ்துமஸ் இரவு. வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தமும் செய்தேன். நெஸ்டரின் பெரோஜிக் கொழுக்கட்டைக்கு மட்டும் உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்து அடைத்தேன், சிறுநீரகக்காரனுக்கு அப்படித்தான் ஆகும். "காகிதத்தை மடிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆறு தின்றான்.

ஜனவரி 8, செவ்வாய்

மறுபடியும். அதே தூரம், அதே நொண்டல்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். டீசலின் சூடு மைனஸ் நாற்பது என்று காட்டியது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. டீசல் குளிர்ந்து மெழுகு கட்டுகிறது, பம்ப் கெட்டுவிடுமே என்று கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைக்கிறது. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? இந்த ஊரில் பிறந்த யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் ஃபில்டரை மாற்றினேன். மெழுகைக் கரைக்கும் மருந்தை டேங்கில் ஊற்றினேன். ரேடியேட்டர் முன்னால் அட்டையைக் கட்டினேன். டீசல் குழாய்க்கும் கம்பளி சுற்றியாயிற்று. குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுவது போல இருக்கிறது என்று நெஸ்டர் கேலி செய்தான்.

ஜனவரி 9, புதன்

கோர்டியிடம் போய்ச் சண்டை போட்டேன். டீசல் அவன் பங்க்கில்தான் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பின்னலை இழுத்தவன்.

"கோடையில மிஞ்சின, குளிருக்கு ஆகாத டீசலைத் தொட்டியில வெச்சுக்கிட்டு இப்பவும் வித்துக்கிட்டிருக்கே. ஒத்துக்கோ" என்றேன்.

"ஏம்மா வெர்னா, ஊர்ல பனி தள்ளுற வண்டி எல்லாம் என் டீசல்லதான் ஓடுது. ஒண்ணாவது நின்னுச்சா? உன் பஸ் மட்டும் என்ன மகாராணியா?"

"மனுஷங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி, கோர்டி. பனியை இல்ல."

"சரி, காபியைக் குடிச்சிட்டுத் திட்டு. ஆறிப்போகுது."

குடிக்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு என்பதால் அறைவதற்கு ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

ஜனவரி 10, வியாழன்

மைனஸ் பத்தொன்பதுதான். பஸ் குதிரை மாதிரி ஓடியது. என் சத்தத்துக்குப் பயந்து கோர்டி நல்ல டீசல் ஊற்றியிருக்கிறான்!

ஜனவரி 15, செவ்வாய்

 

மைனஸ் முப்பத்தொன்பது. காற்று வேறு. பாதி வழியில் நொண்ட ஆரம்பித்து, நாற்சந்தியில் நின்றபோது இன்ஜின் அணைந்தேபோனது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். இருமிவிட்டு அணைகிறது. உள்ளே சூடு எவ்வளவு நேரம் தாங்கும்? கண்ணாடியில் உட்பக்கமாகப் பனி படர ஆரம்பித்தது. மூன்று பேருக்கும் இருந்த போர்வை எல்லாம் போர்த்தினேன். அட்லினின் உதடு நீலமாகிவிட்டது. எழுபத்திரண்டு வயது அவருக்கு. "நான் சின்ன வயசுல கூடாரத்துலயே குளிர்காலம் கழிச்சவ, பொண்ணே. பயப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் எனக்கு!

போலீஸ்காரப் பையன் ஒருவன் வந்து மூவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டான். டயாலிசிஸ் போயே போயிற்று. நாளைக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். பஸ்ஸைக் கட்டி இழுத்து வந்தோம்.

சாயங்காலம் லோர்ன் ஷெட்டுக்கு வந்தான். ஊர் மன்றத்தின் நிர்வாகி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாவு வீட்டில்தான் அவன் அப்படி நிற்பான்.

"வெர்னா, கோவப்படாதே. பிப்ரவரி பதினொண்ணாம் தேதி மன்றக் கூட்டம். அதுக்குள்ள வண்டி சரியாகலைன்னா, இந்தச் சேவையை நிறுத்திடலாம்னு நானே சொல்லப்போறேன்."

"நிறுத்தினா இவங்க மூணு பேரும் எப்படிப் போவாங்க?"

"போக வேண்டாம். சிட்டிக்கே குடிபோயிடலாம். ஆஸ்பத்திரி பக்கத்துல. நடு ரோட்டுல மூணு உசிரு போச்சுன்னா நீயும் தூங்க மாட்டே, நானும் தூங்க மாட்டேன்."

 அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜனவரி 16, புதன்

மூவரையும் கிளிஃபோர்டின் மருமகன் தன் காரில் கூட்டிப்போனான். இனி குளிர் கடுமையாக உள்ள நாட்களில் அவன்தான். எவ்வளவு நாள் லீவு போட முடியும் அவனால்?

ஷெட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை ஸ்டார்ட் செய்தேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்கேனரில் டீசல் சூடு பதினான்கு. எல்லா எண்ணும் ஒழுங்கு. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

உள்ளே வந்தால் நல்ல பிள்ளை. வெளியே போனால் மானத்தை வாங்குகிறது. குளிர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் டீசல் மருந்துக்குக்கூட மசியவில்லையே?

ஜனவரி 17, வியாழன்

ஆஸ்பத்திரி சமூக சேவகி நெஸ்டரிடம் ஒரு ஃப்ளாட் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒன்பதாவது மாடி. பிப்ரவரி ஒன்பதுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"லிஃப்ட் இருக்காம்" என்றான். "பனி தள்ள வேண்டாம். கீழேயே முடிதிருத்துற கடை."

"உனக்கு முடி எங்க இருக்கு?"

சிரித்தான். முப்பது வருடமாக இவன் சிரிப்பைப் பார்க்கிறேன். இது எனக்காகப் போட்ட சிரிப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகும் தினமும் சாயங்காலம் வேலி வரை நடந்துபோய் நின்றுவிட்டு வருகிறவன். ஒன்பதாவது மாடியில் இவன் எங்கே போய் நிற்பான்? வாடி உதிர்ந்துபோவான். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 19, சனி

மைனஸ் இருபது. பஸ் நன்றாக ஓடியது. நல்ல நாளில் ஓடி என்ன?

ஜனவரி 22, செவ்வாய்

காலியாக ஓட்டிப் பார்த்தேன். மைனஸ் முப்பத்தேழு. அரை மணி நேரத்தில் நொண்டல். ஸ்கேனரில் மைனஸ் நாற்பது. பக்கத்து ஊர் பங்க்கில் நிரப்பிய டீசல் இது. கோர்டியுடையது இல்லை.

அப்படியானால்?

ஜனவரி 24, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மைனஸ் முப்பத்தைந்து. மருமகனுக்கு வேலை இருந்ததால் லோர்ன் பெரிய மனது பண்ணி, பின்னால் துணைக்கு ஊர் லாரி வரும் என்ற பேச்சில், பஸ்ஸை அனுமதித்தான். நொண்டி நொண்டி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். டயாலிசிஸ் முடியும்வரை இன்ஜினை அணைக்காமல் நிறுத்தத்தில் விட்டிருந்தேன். இந்தக் குளிரில் இங்கே யாரும் அணைப்பதில்லை. மதியம் வெயில் வந்து மைனஸ் இருபத்தெட்டு ஆனது. சும்மா இருக்க முடியாமல் ஸ்கேனரைப் பார்த்தேன். மைனஸ் நாற்பது.

அட, ஊரே சூடாகியிருக்கிறது, நீ மட்டும் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய்?

அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டீசலின் சூட்டை அளக்கும் சென்சார் இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயில், சட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொட்டேன்.

வெதுவெதுப்பு. குழந்தையின் பால் பாட்டில் சூடு.

அப்படியே படுத்துக் கிடந்தேன். யாரோ ஒரு நர்ஸ் குனிந்து பார்த்து "அம்மா, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். விழுந்துதான் கிடந்தேன். குழாய்க்குள்ளே வெதுவெதுப்பான டீசல் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மைனஸ் நாற்பது என்கிறது. டீசல் சூடாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வது அதை அளக்கிற சென்சார்.

என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். சென்சாருக்குள் கம்பி அறுந்தால் ஸ்கேனர் மைனஸ் நாற்பதுதான் காட்டும். அதற்குக் கீழே அதற்கு எண்ணே கிடையாது. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அது சொல்லும் விதம் அது. இது எனக்குத் தெரியாதா? ஜூலை மாதம் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே சென்சாரைக் கழற்றியிருப்பேன். வெயில் ஊர் மெக்கானிக் எவனும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பான். எங்களுக்கு மைனஸ் நாற்பது ஒரு கோளாறு இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

பாவம் கோர்டி.

ஜனவரி 27, ஞாயிறு

சந்தேகத்தை உறுதி செய்ய ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது நான் ஸ்கேனரைப் பார்க்க முடியாது. கோயில் முடிந்து வெளியே வரும்போது இதைச் சொன்னேன். "வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கேன், நான் படிக்கிறேன்" என்றார் அட்லின். பார்வை ஒரு கண்ணில்தான், ஆனால் பெரிய எண்ணாக இருந்தால் போதுமாம். மன்ற மண்டபத்தில் இருபது வருடம் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிட்டவர். நெஸ்டர் கேட்காமலே ஏறி உட்கார்ந்தான். கிளிஃபோர்டும் வந்துவிட்டார், அவர் இல்லாமல் இந்த ஊரில் எது நடந்திருக்கிறது? பின்னால் ஊர் லாரி. வெளியே மைனஸ் முப்பத்தாறு.

அட்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பதினேழு... பதினெட்டு... பதினெட்டு... இருபது..."

"கொஞ்சம் சத்தமா, அட்லின்."

"பிங்கோ கூப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. இருபத்தொண்ணு... இருபத்திரண்டு..."

தானியக் கிடங்கு தாண்டியது. மேடு வந்தது.  டீசல் உண்மையிலேயே குளிர்ந்தால் எண் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இருபது, பதினைந்து, பத்து என்று.

"இருபத்திரண்டு... இருபத்து மூணு... மைனஸ் நாப்பது!"

"என்னது?"

"மைனஸ் நாப்பதுன்னு போட்டிருக்கு. கண்ணு ஒண்ணுதான், பொய் சொல்லாது."

அந்த நொடியே வண்டி நொண்டியது. கிளிஃபோர்ட் பின்னாலிருந்து, ஆட்டம் ஜெயித்தவர் மாதிரி "பிங்கோ!" என்று கத்தினார். நெஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். இது எனக்காகப் போட்ட சிரிப்பு இல்லை.

இருபத்து மூன்றிலிருந்து மைனஸ் நாற்பதுக்கு ஒரு கண்சிமிட்டலில் எந்த டீசலும் குளிராது. அறுந்து போகிறது எதுவோ. சென்சாரா, அதற்குப் போகும் ஒயரா? அதுதான் இனி கேள்வி.

ஜனவரி 28, திங்கள்

சென்சாரைக் கழற்றினேன். சுண்டுவிரல் அளவு பித்தளை, தலையில் பிளாஸ்டிக், இரண்டு முள். மீட்டரை வைத்து மின்தடையைப் பார்த்தேன், சூடு ஏறினால் குறையும் எண் அது. சரியாக இருக்கிறது. உள்ளங்கையில் பொத்தினால் எண் இறங்குகிறது, ஜன்னல் ஓரம் வைத்தால் ஏறுகிறது. எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடக்கிறது.

சரி, குளிரில் பார்ப்போம் என்று வீட்டுக்கு எடுத்து வந்து ஃப்ரீசரில் வைத்தேன். மான் இறைச்சிக்கும் மிச்சப் பெரோஜிக்கும் நடுவே. ஒயரை வெளியே இழுத்து மீட்டரில் மாட்டி, ஃப்ரீசர் கதவை டேப் போட்டு மூடினேன். சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்தேன். சரியாக இருக்கிறது. படுக்கப் போகும் முன்னும் பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

சென்சார் நல்லதாம்.

ஜனவரி 29, செவ்வாய்

நாள் முழுக்க ஒயரைத் துழாவினேன். கம்ப்யூட்டரிலிருந்து சென்சார் வரை ஒவ்வொரு சாணாக வளைத்தும் ஆட்டியும் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதுகு விட்டுப்போயிற்று. கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. புது சென்சார் வாங்கிப் போடலாம்தான். கோளாறு அதில் இல்லையென்றால்? மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி அந்த நாற்சந்தியில் நிற்பதா? இனி ஊகத்தில் எதையும் மாற்ற மாட்டேன். கோர்டியிடம் ஊகத்தில் போய்ச் சண்டை போட்டது போதும்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். பாவம் நெஸ்டர், பெரோஜி எடுக்க ஃப்ரீசர் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடாதே! உனக்கு உருளைக்கிழங்கு ஆகாது, என் ஒயரும் போயிடும். ஒரு வேலைக்காவது என்னை விடறியா இந்த வீட்டுல?"

அவன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வெர்னா, இதுக்குள்ள எத்தனை டிகிரி?"

"மைனஸ் பதினெட்டு."

"வெளியே?"

"முப்பத்தெட்டு."

"அப்ப நம்ம வீட்டு ஃப்ரீசர்தான் இந்த ஊர்லயே கதகதப்பான இடம். நீ அதைக் குளிர்ல வைக்கலை, தாயே. கம்பளி போத்தி வெச்சிருக்கே."

மைனஸ் பத்தொன்பதில் பஸ் நன்றாக ஓடியதே. மைனஸ் இருபதிலும் ஓடியதே! அது எனக்கு எட்டவே இல்லை. ஃப்ரீசர் என்றால் குளிர் என்று கை தானாகப் போயிருக்கிறது.

 அவன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சென்சாரை எடுத்துப்போய் வாசல் படியில் வைத்தேன். மீட்டர் உள்ளே, ஒயர் கதவிடுக்கு வழியாக. குளிர் உள்ளே வராமல் இருக்க இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜனவரி 30, புதன்

எழுந்ததும் நேராக மீட்டரிடம் போனேன்.

மீட்டரில் எண்ணே இல்லை, உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது!

உள்ளே கொண்டுவந்து கையில் பொத்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது. வெளியே வைத்தேன். கடுங்குளிர் ஏறியதும் மறுபடி அறுந்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. நெஸ்டர் காபியோடு நின்று வேடிக்கை பார்த்தான். "அடைக்கோழியை விரட்டுற மாதிரி இருக்கு" என்றான். அவனிடமும் கொடுத்தேன், அவனும் ஒரு முறை வைத்து எடுத்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தலைக்குள், முள்ளின் அடியில், மயிரிழை விரிசல். பித்தளை மூக்கு வெதுவெதுப்பான டீசலில் மூழ்கியிருக்க, இந்தத் தலை மட்டும் ஹைவே காற்றில் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சூட்டில் சேர்ந்துகொள்ளும், கடுங்குளிரில் சுருங்கிப் பிரிந்துவிடும். அதனால்தான் ஷெட்டுக்குள் வந்தால் நல்ல பிள்ளை.

அழுகை வந்தது. அழுதேன். ஒரு பித்தளைத் துண்டுக்காக இந்த வயதில்.

பிப்ரவரி 4, திங்கள்

புது சென்சார் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்தது. மாட்டும் முன் அதையும் ஒரு ராத்திரி வாசல் படியில் போடலாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, போட்டேன். தேறிவிட்டது. இந்த வீட்டில் இனி எந்தச் சாமானும் படியில் படுத்து எழாமல் வண்டியில் ஏறாது.

தலைக்குக் காற்று படாமல் ஒரு தகடு வளைத்து மறைப்பும் போட்டேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மைனஸ் முப்பத்தாறு. மேட்டில் வேகம் நூறு. நூறு!

திரும்பும் வழியில் கோர்டி பங்க்கில் நிறுத்தினேன். உள்ளே ஆள் நிறைய இருந்தது. ஆள் குறையட்டும் என்று வெளியே நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சண்டை போட்டபோது ஆளைப் பார்த்தா போட்டேன்?

"கோர்டி, உன் டீசல் நல்ல டீசல். சென்சார்தான் கெட்டது. நான் சொன்னது தப்பு" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவன் காதைக் கையால் மடக்கிக்கொண்டான். "என்னது? மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

"மிஷின் ஓடவே இல்லை, கோர்டி."

"அப்பவும் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்ல வைத்தான், கிராதகன். பிறகு காபி ஊற்றிக் கொடுத்தான். இந்தத் தடவை சூடாகவே குடித்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

மைனஸ் நாற்பத்தொன்று. உண்மையான நாற்பத்தொன்று, வங்கி வாசல் போர்டில் பார்த்தேன். லோர்ன் காலை இருட்டில் ஷெட்டுக்கு வந்து நின்றான். தானும் வருகிறானாம். பின்னால் துணை லாரி வேண்டாம் என்றுவிட்டான். "நான் உள்ள இருக்கேன்ல, அது போதும்."

அட்லின் எண்ணைப் படித்துக்கொண்டே வந்தார். பழக்கமாகிவிட்டது. இருபத்து நாலு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு. மேடு வந்தது. மேடு போயிற்று. நாற்சந்தி போயிற்று. கிளிஃபோர்ட் ஹாக்கி பற்றி ஆரம்பித்தார், லோர்ன் மாட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம். லோர்ன் இறங்கியதும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். அவனுக்கு அங்கே என்ன தெரியும்? இருந்தாலும் பார்த்தான்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

"என்ன பார்த்தேனோ அதைச் சொல்வேன். ஓட்டுப் போடறது மன்றத்துக்காரங்க ஏழு பேர். வாக்குக் கொடுக்க மாட்டேன், வெர்னா."

பிப்ரவரி 9, சனி

ஃப்ளாட்டுக்குப் பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். மன்றக் கூட்டமோ திங்கள்கிழமை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திங்கள்கிழமை மன்றமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வேறு இடம் கிடைக்க வசந்தம் ஆகிவிடும் என்று அந்தச் சமூக சேவகி முன்பே சொல்லியிருக்கிறாள். "எடுத்து வெச்சுக்கலாம், பிறகு விட்டுடலாம்" என்றேன் காலையில். சொல்லும்போதே உடம்பெல்லாம் கூசியது. வண்டியைச் சரிசெய்தவளே நான், எனக்கே தைரியம் இல்லை.

நெஸ்டர் டயாலிசிஸ் முடிந்து வந்து, களைப்பில் சோபாவில் கிடந்தான். போன் அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவனே எழுந்து எடுத்துவிட்டான்.

"ஆமாம்மா, நெஸ்டர்தான். இல்லை, வேண்டாம். நல்ல இடம்தான், லிஃப்ட் எல்லாம் இருக்குன்னு சொன்னீங்க. வேற யாருக்காவது குடுங்க. நாங்க வரலை."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டான்.

"கூட்டம் இன்னும் நடக்கலைதான். ஆனா பஸ் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைச் சரிபண்ணவகூடத்தான் நான் குடியிருக்கேன்."

போனை வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். நான் அடுக்களையிலேயே நின்றேன். வெளியே வந்திருந்தால் அசடு மாதிரி அழுதிருப்பேன். பிறகு வந்தேன், அழுதேன்.

பிப்ரவரி 11, திங்கள்

ஏழு ஓட்டில் ஐந்து எங்கள் பக்கம். பஸ் ஓடும்.

பிப்ரவரி 23, சனி

அட்லினுக்குச் சளி. எண் படிக்கத் தொண்டை இல்லை. "இன்னிக்குப் பாக்காமலே போலாம்" என்றார். ஸ்கேனரை மாட்டாமல்தான் போனோம். போகும்போது எனக்குக் கை பரபரத்தது, அவ்வளவுதான்.

மார்ச் 9, சனி

மைனஸ் பதினொன்று. சாலை ஓரத்தில் பனி கறுக்க ஆரம்பித்துவிட்டது. திரும்பும் வழியில் கிளிஃபோர்ட் ஏதோ ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வாக்கியத்தில் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்குகிறார். அட்லின் ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். நெஸ்டரின் தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. டயாலிசிஸ் முடிந்தால் உடம்பில் உயிரே இருக்காது, முன்பெல்லாம் ஊர் எல்லை தாண்டுவதற்குள் மூன்று பேரும் சாய்ந்துவிடுவார்கள். ஜனவரியிலிருந்து இந்த வண்டியில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. சென்சார் மாற்றிய பிறகும் தூங்கவில்லை. என்னிடம் யாரும் சொல்லவுமில்லை. பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எண் படித்துக்கொண்டும், மூன்று பேரும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ரேடியோவை அணைத்தேன். மேட்டில் மெல்ல ஏற்றினேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் நெஸ்டரை உடனே எழுப்பவில்லை.